கதவைச் சற்றே திறந்து வைப்போம்

"நீங்களுமா சாமி சினிமா பார்க்கிறீர்கள்?" என்று நம் பங்குமக்களில் சிலர் வியப்போடு கேட்பதுண்டு. பார்க்கிறோம் என்பது மட்டுமன்று, விரும்பியே பார்க்கிறோம் என்பது நமது மறுமொழி. சிறுவனாயிருந்த நாளில் ஊர்ப்புறத்து டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த பழக்கம், குருமடத்துக் கட்டுப்பாடுகளையும் கடந்து, குருப்பட்டம் பெற்ற பின்னரும் நம்மை விட்டு நீங்கவில்லை. அதை ஒரு குறையாக நாம் கருதியதுமில்லை. ஆனால் அண்மைக் காலத்து வெற்றிப் படங்களையும், வீட்டுக்கே வந்திறங்கும் படங்களையும் பற்றி இவ்விதழுக்கு எழுத அமர்ந்தபோது, ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் மேலே செல்ல நம்மால் இயலாது என்று தோன்றிற்று. அது நமக்குப் பெருமை தருவதன்று. எனினும் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் திருச்சபையின் மனப்பாங்கைக் கூறிவிடுவோம். சினிமா என்றாலே பாவத்துக்கு ஏதுவானது என்று திருச்சபை ஒதுக்கிவிட்டதாக இன்றும் சிலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. 1936-ஆம் ஆண்டில் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் திரைப்படம் பற்றித் தனியே ஒரு சுற்றுமடல் விடுத்தார். அதில் எச்சரிக்கை மிகுதி. ஆயினும் நல்ல படத்தால் விளையக்கூடிய நன்மையையும் அவர் மறுக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, இத்தகைய கண்டுபிடிப்புகளை வியந்து போற்றியே தொடங்குகிறது. சினிமா பிறந்து நூறாண்டு நிறைந்த 1995-இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. 'பென்ஹர்' அதில் உண்டு, 'காந்தி'யும் உண்டு, தொலைந்துபோன மிதிவண்டியைத் தேடி அலையும் ஓர் ஏழைத் தந்தையின் கதையான 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்னும் இத்தாலியப் படமும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி 2016-இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையிலேயே 'பாபெட்ஸ் ஃபீஸ்ட்' என்ற படத்தின் விருந்துக் காட்சியை எடுத்துக்காட்டினார். ஆகவே படம் பார்ப்பதா, கூடாதா என்பதன்று நம் கேள்வி. எப்படிப் பார்ப்பது, எவரோடு பார்ப்பது என்பதே கேள்வி.

2019-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு வந்த இரு அமெரிக்கப் படங்கள் நமக்கு இன்றும் இரு துருவங்கள் போலத் தோன்றுகின்றன. ஒன்று ஏப்ரல் 26 அன்று உலகின் பல நாடுகளிலும் நம் நாட்டிலும் திரைக்கு வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்'. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஓடும் படம். உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது. தமிழிலும் பேசியது, அயர்ன்மேனுக்கு நடிகர் விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார். அப்போது நம் பங்கின் இளைஞர் எண்மர் நம்மைக் கையோடு அழைத்துச் சென்றனர். மாயவித்தை மன்னர்களும் பறக்கும் வீரர்களும் மோதிக்கொள்ளும் படத்தில் நமக்கு என்ன இருக்கப் போகிறது என்ற எண்ணத்தோடேதான் நுழைந்தோம்.

அரங்கில் ஒரே சீழ்க்கை ஒலி. ஒவ்வொரு வீரனும் தோன்றுகையில் கூரை அதிர்ந்தது. ஆனால் முடிவில், உலகனைத்தையும் காக்கத் தன் உயிரைக் கொடுத்து அந்த அயர்ன்மேன் சாய்கிறபோது, அவ்வளவு பெரிய கொட்டகையும் அடங்கிப் போயிற்று. நமக்கு இடப்புறம் நாம் அறியாத ஒரு முதியவர் பேரனை மடியில் வைத்திருந்தார். "செத்துட்டாரா தாத்தா?" என்று குழந்தை கேட்டது. "ஆமா, மத்தவங்களுக்காக" என்றார் அவர். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று நாம் ஒரு மணி நேரம் பேசி உணர்த்த முயல்வதை அம்முதியவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். விளக்குகள் எரிந்தன, கதவுகள் திறந்தன, கண்களைத் துடைத்துக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்து நாணத்தோடு சிரித்துக்கொண்டனர். இத்தகைய படங்கள் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்காக்களைப் போன்றவை என்று அதே ஆண்டில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி கூறினார். அவர்மீது நமக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் அந்தக் குழந்தையின் கேள்வியை அருகிருந்து கேட்ட நாம் அவரோடு முற்றிலும் உடன்பட இயலவில்லை.

மற்றொன்று அந்த ஸ்கோர்செஸியே எடுத்த 'தி ஐரிஷ்மேன்'. 209 நிமிடம். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் பொருட்செலவில் உருவான படமாதலால், 2019 நவம்பர் 1 அன்று சில கொட்டகைகளில் மட்டும் வெளியாகி, அம்மாதம் 27-ஆம் நாளே வீடுகளுக்கு வந்துவிட்டது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் இடையே இத்துணைக் குறுகிய கால அளவா என்று அமெரிக்காவின் பெரிய திரையரங்கு நிறுவனங்கள் அதைத் திரையிடவே மறுத்தன. அன்று அது ஒரு புதுமை. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்தது, கொட்டகைகள் பூட்டப்பட்டன, புதுமை வழக்கமாயிற்று. தமிழிலும் 'பொன்மகள் வந்தாள்' 2020 மே 29 அன்றும், 'சூரரைப் போற்று' அவ்வாண்டு நவம்பர் 12 அன்றும் கொட்டகையைக் காணாமலே வீட்டுத்திரைக்கு வந்தன. 2021 ஜனவரி 13-இல் கொட்டகைக்கு வந்த 'மாஸ்டர்' பதினாறே நாளில் வீட்டுக்கு வந்தது. நம் இளமையில் நகரத்துப் படம் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேர ஓராண்டும் ஆகும். காத்திருத்தலே பாதி இன்பமாயிருந்த காலம் அது!

காத்திருக்க வேண்டாத இவ்வசதி நமக்கும் உவப்பாகவே இருந்தது. மறைக்கமாட்டோம். நம் சகோதரியின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு கைக்கணினியும், காதுகளை முழுதும் மூடிக்கொள்ளும் ஒலிக்கருவி ஒன்றும் வாங்கி வந்து தந்தான். வெளியோசை எதையும் உள்ளே விடாது என்பதே அக்கருவியின் சிறப்பு என்று பெருமையோடு விளக்கினான். இரவுச் செபம் முடிந்து, பங்கு இல்லத்தின் கதவைத் தாழிட்டு, நம் அறையில் தனியே அமர்ந்து படம் பார்ப்பது நமது வழக்கமாயிற்று. நாளெல்லாம் பிறருக்காகவே செலவிடுகிற நமக்கு இரண்டு மணி நேரம் நமக்கென்று இருக்கலாகாதா என்று நாமே நமக்கு நியாயமும் சொல்லிக்கொண்டோம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம்; இறந்தோரை நினைந்து திருச்சபை மன்றாடும் மாதம். அன்று மாலை தொட்டே மழை. கோவில்பிள்ளை விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்தார். கைபேசியை அலுவலக அறையில் மின்னேற்றத்தில் போட்டுவிட்டு, ஒன்பதரை மணிக்கு 'தி ஐரிஷ்மேன்' படத்தைத் தொடங்கினோம். இடையில் ஒருமுறை தேநீர் போட்டுக்கொள்ள நிறுத்தியதைத் தவிர, ஒரே அமர்வில் பார்த்து முடித்தோம்.

படத்தைப் பாராதவர்களுக்காகச் சிறிது கூறுவோம். லாரி ஓட்டுநராயிருந்த ஃபிராங்க் ஷீரன் என்பவன் கொலைகாரக் கூட்டத்தின் கையாளாகிறான். ராபர்ட் டி நீரோ அந்த வேடத்தில் நடிக்கிறார். ஏவப்பட்டவர்களையெல்லாம் கொன்றவன், இறுதியில் தன்னை நம்பிய நண்பனையே கொல்கிறான். காலம் செல்கிறது. கூட்டாளிகள் ஒவ்வொருவராகச் சாகின்றனர். பெற்ற மகள் அவன் முகத்தில் விழிக்க மறுக்கிறாள். முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் கிடக்கும் அவனை ஓர் இளங்குரு சந்தித்துச் செபிக்கிறார். செய்ததற்கு வருத்தம் உண்டா என்று கேட்கிறார். வருத்தமாக எதையும் உணரவில்லை என்கிறான் கிழவன். உணர்ச்சி எழாவிட்டாலும், வருந்துவதென்று மனத்தால் தீர்மானிக்க முடியும் என்று குரு பொறுமையோடு எடுத்துரைக்கிறார். எத்தனையோ மறையுரைகளில் நாம் தேடியும் கிட்டாத தெளிவு அது. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒரு நாள் குரு விடைபெற்று எழுகையில், கதவை முழுதும் மூடிவிட வேண்டாம், சற்றே திறந்து வைத்துச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறான் கிழவன். அத்திறந்த இடுக்கின் வழியே அவன் தனித்து அமர்ந்திருப்பது தெரிகிறது. அத்தோடு படம் முடிகிறது.

நள்ளிரவு கடந்து ஒரு மணி. நம் கண்கள் கலங்கியிருந்தன. எந்த ஆன்மாவுக்கும் கதவைச் சாத்தாத குருவாக நம்மை வைத்தருளும் என்று, கட்டிலருகே முழந்தாளிட்டு ஆண்டவரிடம் மன்றாடிய பின்னரே விளக்கை அணைத்தோம்.

காலையில் கைபேசியை எடுத்தோம். பதினொன்றரை மணியளவில் அடுத்தடுத்து ஐந்து அழைப்புகள். யாரென்று பார்த்து நாம் திரும்ப அழைக்குமுன்னரே அவர் வாயிலில் நின்றார். ஆட்டோ ஓட்டும் இளைஞர். நம் பங்கைச் சேர்ந்தவர். துக்கமணி அடிக்கச் சொல்ல வந்திருந்தார். அவருடைய தாயார் விடியற்காலை இரண்டு மணிக்கு உயிர்நீத்தார். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமையில் நாம் நற்கருணை எடுத்துச் சென்றபோதெல்லாம், கட்டிலில் எழுந்து அமர முடியாவிட்டாலும் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருக்கும் மூதாட்டி அவர். "நேரம் வரும்போது சொல்லி அனுப்புறேன் சாமி, வந்துடுங்க" என்று பலமுறை நம்மிடம் கூறியிருக்கிறார். சொல்லியும் அனுப்பினார்.

"ராத்திரி வந்தேன் சாமி. கால் மணி நேரம் தட்டிப் பாத்தேன். அறையில விளக்கு எரிஞ்சுது. படிச்சுக்கிட்டே தூங்கிட்டீங்க போல, மழையில கேட்டிருக்காது" என்றார் அவர்.

நம்மைக் குற்றஞ்சாட்டும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நமக்கு வேண்டிய சாக்கை அவரே நம் கையில் கொடுத்துவிட்டார். நாமோ, "ஆம் தம்பி, நேற்று மழை மிக அதிகம்" என்றோம். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நம் வாழ்நாளில் நாம் சொன்ன பொய்களில் அதனினும் பெரியது ஒன்றுண்டா என்று இன்றும் நமக்குத் தெரியவில்லை.

நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்டவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் எல்லோரும் அறிவோம். உள்ளிருந்தவன் கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் உறங்குகின்றனர் என்று சலித்துக்கொள்கிறான். ஆயினும் அவனுக்குத் தட்டும் ஓசை கேட்டது, மறுமொழி சொன்னான், முடிவில் எழுந்து கொடுக்கவும் செய்தான். நாம் அவனுக்கும் கீழானோம். நமக்கு ஓசையே கேட்கவில்லை. கேட்காதிருக்கும் பொருட்டே செய்யப்பட்ட கருவியை நாமே எடுத்து அணிந்திருந்தோம்.

அடக்கத் திருப்பலியில் இறைவனின் இரக்கத்தைப் பற்றிப் பேசினோம். அருட்சாதனம் பெற இயலாமற்போனாலும், இறைவனை ஏங்கித் தேடிய ஆன்மாவை அவர் கைவிடார் என்பது திருச்சபையின் போதனை. அதனை நாம் உறுதியாக நம்புகிறோம்; அம்மூதாட்டியைப் பற்றி நமக்கு அச்சமில்லை. ஆனால் அதே போதனையை நம் குற்றத்துக்குப் போர்வையாக்க முடியவில்லை. நம் ஒப்புரவுக் குருவிடம் சென்று அறிக்கையிட்டோம். மன்னிப்பு வழங்கிய அம்முதிய குரு, "உண்மையைக் கேட்க உரிமையுள்ள ஒருவர் இருக்கிறார், அவரிடமும் சொல்லும்" என்று மட்டும் கூறினார்.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்ததும் அந்த இளைஞரைப் பங்கு இல்லத்துக்கு அழைத்து அமரச் செய்தோம். நாம் உறங்கவில்லை, மழையும் காரணமன்று, காதை மூடிக்கொண்டு படம் பார்த்திருந்தோம் என்று சொன்னோம். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "என்ன படம் சாமி?" என்று கேட்டார். நாம் எதிர்பாராத கேள்வி. கதையைச் சுருங்கச் சொன்னோம். கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் கிழவனையும் சொன்னோம். சொல்லும்போதே நம் குரல் நமக்கே அருவருப்பாக இருந்தது. அவர் ஒன்றும் கூறாமல் எழுந்து போய்விட்டார்.

இரண்டு ஞாயிறுகள் அவரைக் கோவிலில் காணவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலையில், கையில் கம்பிச்சுருளும் திருப்புளியுமாக வந்து நின்றார். ஆட்டோ ஓட்டத் தொடங்குமுன் மின்வேலை பழகியவர் அவர். வாயிற்கதவருகே ஓர் அழுத்துபொத்தானைப் பதித்து, கம்பியை நம் அறைக்குள் கொண்டுவந்து, கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெரிய மணியைப் பொருத்தினார். அழுத்திக் காட்டியபோது முற்றத்து மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. பணம் கொடுக்க முயன்றோம், வாங்கவில்லை. "இது மழையிலயும் கேக்கும் சாமி" என்றார். அது மன்னிப்பா, கண்டிப்பா என்று நாம் இன்றுவரை ஆராய்ந்து பார்க்கவில்லை. இரண்டுமாகவே இருக்கலாம். அம்மணி இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அதன் பின்னர்ச் சில திங்கள் எந்தப் படமும் பார்க்க மனம் ஒப்பவில்லை. 2023 ஜூலை 21 அன்று கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' வெளிவந்தபோது, இளைஞர்கள் மீண்டும் வற்புறுத்தி அழைத்தனர். அணுகுண்டை ஆக்கிய அறிவியலாளரின் கதை. மூன்று மணி நேரம். பெரும்பகுதி மனிதர் அறைக்குள் அமர்ந்து பேசுவதே. எனினும் உலகெங்கும் மக்கள் திரண்டு பார்த்தனர். அடுத்த ஆண்டு சிறந்த படம் உள்ளிட்ட ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலையில் குண்டு சோதிக்கப்படும் காட்சியில், திரை முழுதும் தீ எழுகிறது, ஒலியில்லை. ஒளி முந்தி வர, ஓசை பிந்தி வரும் என்பதை அப்படியே காட்டுகிறார் இயக்குநர். அந்த இடைவெளியில் அரங்கிலிருந்த அத்தனை பேரும் மூச்சடக்கி இருந்ததை உணர்ந்தோம். காதுக்கருவி தரும் மௌனம் ஒன்று. பலர் சேர்ந்து காக்கும் மௌனம் வேறொன்று. முன்னதில் நாம் பிறரை வெளியே நிறுத்துகிறோம். பின்னதில் அவர்களோடே இருக்கிறோம்.

திரும்பும் பேருந்தில் ஓர் இளைஞன், "அந்தச் சோதனைக்கு மூவொரு கடவுளின் பெயரை ஏன் சாமி வைத்தார்கள்?" என்று கேட்டான். ஜான் டன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் கவிதைகள் அப்போது தம் நினைவில் இருந்தன என்று ஓப்பன்ஹைமரே பின்னாளில் எழுதியதைக் கூறினோம். தன் உள்ளத்தின் கதவை மென்மையாகத் தட்டினால் போதாது, உடைத்துக்கொண்டே நுழைய வேண்டும் என்று மூவொரு கடவுளை மன்றாடும் கவிதை ஒன்று அவற்றில் உண்டு. அதைச் சொல்லும்போதே நம் தலைமாட்டு மணி நம் நினைவுக்கு வந்தது. குண்டு விழுந்த நகரங்களைப் படம் காட்டவில்லையே என்றாள் ஒரு மாணவி. ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியின் உரகாமி பேராலயத்தில், மரியன்னையின் விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவு அருட்சாதனம் பெறக் கூடியிருந்தவர்களும், அதை வழங்கிக்கொண்டிருந்த குருக்களும் அக்கணமே மாண்டதை எடுத்துரைத்தோம். பேருந்தில் பின்னிருக்கைக்காரர்களும் எட்டிக் கேட்டனர். படம் மூன்று மணி நேரம். அதன்பின் நடந்த பேச்சு ஒன்றரை மணி நேரம். தனி அறையில் பார்த்திருந்தால் இப்பேச்சு ஏது?

எனினும், கொட்டகை புனிதம், வீட்டுத்திரை தீது என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நூறு ரூபாய்க்கும் மேல் சீட்டு வாங்கி, பேருந்தேறிச் சென்று, குடும்பத்தோடு படம் பார்க்க எல்லோராலும் இயலுமா? படுக்கையில் கிடக்கும் நோயாளியும் கைக்குழந்தையை வைத்திருக்கும் தாயும் எங்கே செல்வர்? 2025 ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்த நாட்களில், எட்வர்ட் பெர்கர் இயக்கிய 'கான்க்ளேவ்' என்ற 2024-ஆம் ஆண்டுப் படத்தை உலகெங்கும் மக்கள் தத்தம் வீட்டிலிருந்தே தேடிப் பார்த்தனர். திருத்தந்தைத் தேர்தலைப் பற்றிய கதை அது. நம் பங்கின் ஒரு குடும்பத்தார், "வந்து விளக்கம் சொல்லுங்கள் சாமி" என்று அழைத்தனர். நடுக்கூடத்தில் பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை பன்னிருவர். வாயிற்கதவு திறந்தே இருந்தது.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். வாக்குச் சீட்டுகளை ஊசியால் கோத்து நூலில் சேர்ப்பதும் பின்னர் எரிப்பதும் மெய்தானா என்று கேட்டனர், மெய்தான் என்றோம். திருத்தந்தை இரகசியமாக நியமித்த கர்தினால் ஒருவர் திடீரென வந்து வாக்களிக்கிறாரே என்றனர். அங்கே கதை சட்டத்தை மீறுகிறது என்று விளக்கினோம். இரகசியமாக நியமிக்கப்பட்டவரின் பெயரைத் திருத்தந்தை தம் வாழ்நாளில் வெளிப்படையாக அறிவித்தாலன்றிக் கர்தினாலுக்குரிய உரிமை அவருக்குக் கிட்டாது. இரண்டு மணி நேரப் படம் முடிய நான்கு மணி நேரமாயிற்று. கொட்டகையில் இப்படி நிறுத்திக் கேட்க முடியுமா? மே 8 அன்று, 133 கர்தினால்கள் கூடிய தேர்தலில் திருத்தந்தை 14-ஆம் லியோ தெரிந்துகொள்ளப்பட்டு வெண்புகை எழுந்தபோது, அவ்வீட்டுச் சிறுவர்கள் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆசிரியர்களாயினர். அதே திருத்தந்தை அவ்வாண்டு நவம்பரில் திரையுலகினரைச் சந்தித்தபோது, ஊர்களிலிருந்து கொட்டகைகள் மறைந்து வருவதைக் குறித்துக் கவலை தெரிவித்தார். கட்டடம் மறைவதை நம்மால் தடுக்க இயலாமற்போகலாம். கூடியிருத்தல் மறையாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கொட்டகைக்கு ஒரு கதவு உண்டு. படம் முடிந்ததும் அது திறக்கிறது. போய் உன் வேலையைப் பார், உன் மனிதர்களைப் பார் என்று நம்மை வெளியே அனுப்புகிறது. திருப்பலியின் முடிவில் நாம் மக்களை அனுப்பிவைப்பது போன்றதே அது. வீட்டுத்திரைக்கு அந்தக் கதவு இல்லை. ஒரு பகுதி முடிந்த சில நொடிகளில் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. விளக்கு எரிவதில்லை, எவரும் எழுவதில்லை. ஆகவே அந்தக் கதவை நாமே வைத்துக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கிறோம்.

நாம் வைத்துக்கொண்ட கதவு மிக எளியது. அந்தக் காதுக்கருவியை நாம் திரும்பத் தொடவில்லை. படம் பார்ப்பதாயின் வெளித்திண்ணைக்கு அடுத்த கூடத்தில், கோவில்பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொண்டு, கைபேசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டே பார்க்கிறோம். எவரேனும் வந்தால் படம் நிற்கும். எவ்வளவு உச்சமான காட்சியாயினும் நிற்கும். குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு படமாகச் சிதறாமல், வாரத்தில் ஒரு நாளேனும் ஒரே படத்தை ஒன்றாகப் பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல் சற்றுப் பேசுங்கள். அடுத்த அறையிலிருந்து முதியவரோ பிள்ளையோ அழைத்தால் காதில் விழும்படி இருங்கள்.

இதனை எழுதிக்கொண்டிருக்கையில் வெளியே தூறல் தொடங்கியிருக்கிறது. இக்கட்டுரையில் தம் வீட்டுத் துயரைச் சொல்ல நாம் அந்த இளைஞரிடம் அனுமதி கேட்டபோது, "எழுதுங்க சாமி, பெயர் வேண்டாம்" என்றார். பிறகு, "மணி வேலை செய்யுதா?" என்று கேட்டுவிட்டு, நம் மறுமொழிக்குக் காத்திராமல் வாயிலுக்குச் சென்று தாமே ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். அது நன்றாகவே ஒலித்தது.